கொடைக்கானலில் நான் பேசியது

முருகேசா,

நீ அனுப்பிய நோட்டீஸ் வந்து சேர்ந்தது. மஞ்சள் தாளில் என் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, பணி நிறைவுப் பாராட்டு விழா என்று அடித்திருக்கிறாய். ஸ்டேஷன் மாஸ்டர் முதல் வெளியே டீக்கடை போட்டிருக்கும் பாய் வரைக்கும் எல்லோரும் படித்துவிட்டார்கள். "மாமா, கடைசியில ஒங்க மகன் ஒங்களைத் தலைவராக்கிப்புட்டான்ல" என்று கேங்கில் கேலி வேறு. அதெல்லாம் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் என் பெயருக்குக் கீழே ஒரு வரி போட்டிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "ஒரு ராத்திரி எங்களோடு விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள், அப்புறம் ஓர் ஆள் போதும் என்று எழுதுங்கள்" என அதிகாரியின் முகத்துக்கு நேரே கேட்டவர் என்று போட்டிருக்கிறாய். தம்பி, நான் அப்படி எந்த அதிகாரியிடமும் கேட்கவில்லை. நீ சின்ன வயதிலிருந்து நம்பி வந்த அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததுதான். ஆனால் அது அதிகாரியின் முன்னால் வரவில்லை. அதை எங்கே, எதற்காகச் சொன்னேன் என்று எழுதத்தான் இந்தக் கடிதம்.

இதை உன் வீட்டுக்கு அனுப்பவில்லை. மதுரையில் உன் யூனியன் கிளை ஆபீசுக்கு அனுப்புகிறேன். அங்கே வரும் தபாலை முதலில் வருகிறவர் பிரித்துப் படித்துவிடுவார் என்று நீயே ஒருமுறை அலுத்துக்கொண்டாய். படிக்கட்டும். கிளைச் செயலாளரின் அப்பன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று உன் சங்கத்துக்காரர்களும் தெரிந்துகொள்ளட்டும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான், தப்பு இருந்தால் திருத்தி வாசிக்கச் சொல். உனக்குக் கோபம் வரும். நாலு பேர் நடுவில் உன்னைத் தலைகுனிய வைக்கிறேனே என்று எனக்கும் கூசுகிறது. இருந்தாலும் நமக்குள் ரகசியமாகப் பேசித் தீர்க்கிற விஷயமாக இது இல்லை. பொய்யை ஊர் கேட்கச் சொன்னேன். அதனால் உண்மையையும் ஊர் கேட்கத்தான் சொல்ல வேண்டும்.

நீ ஆபீசில் எழுத்து வேலை பார்க்கிறவன். இந்தக் கடிதத்தை உன்னோடு சேர்ந்து படிக்கிறவர்களுக்காகப் பாதை வேலையைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழனியிலிருந்து சத்திரப்பட்டிப் பக்கம் போகிற பாதையில் எங்கள் கேங்குக்கு ஒரு துண்டு உண்டு. அந்தத் துண்டில் ஜல்லி போடுவதும், கட்டை மாற்றுவதும், விலகிப்போன தண்டவாளத்தை நேராக்குவதும் எங்கள் சோலி. வரிசையாக நின்று அடியில் கடப்பாரையைக் கொடுத்து எல்லோரும் ஒரே மூச்சில் நெம்பினால்தான் தண்டவாளம் நகரும். அந்த ஒரே மூச்சுக்காகத்தான் பாட்டு. ஒருத்தன் எடுத்துக் கொடுப்பான், மற்றவர்கள் ஐலசா போட்டு நெம்புவார்கள். எங்கள் கேங்கில் எடுத்துக் கொடுக்கிறவன் நான். அதில் ஒரு வசதி இருந்தது, பாட்டுக்குள் யாரை வேண்டுமானாலும் வையலாம். எங்கள் ஆட்களைத் தன் பங்களா வேலைக்கு இழுத்துக்கொள்கிற பாதை இன்ஸ்பெக்டர் குடை பிடித்துப் பக்கத்திலேயே நிற்பார். நான் "பங்களாவுக்கு மூணு ஆளு" என்பேன், ஐலசா. "பாதைக்கெல்லாம் மிச்ச ஆளு" என்பேன், ஐலசா. "கோழிக்கூட்டைக் கழுவ ஒரு ஆளு" என்பேன், அவரே சிரித்துவிடுவார். பாட்டில் சொன்னதை யாரும் புகாராக எடுத்துக்கொள்வதில்லை. பாட்டு முடிந்ததும் நான் "சரிங்க ஐயா" என்று வாயைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவேன். இதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

அந்த நாளில் எங்களுக்கு யூனியன் மேல் இருந்த எரிச்சலை நீ இப்போது புரிந்துகொள்வாயா என்று தெரியவில்லை. சம்பள நாளன்று ஸ்டேஷன் தாழ்வாரத்தில் மேஜை போட்டுக் கேஷியர் உட்காருவார். அவருக்கு ஒட்டினாற்போல் ஒரு ஸ்டூலில் ரசீதுப் புத்தகத்தோடு அன்றைய கிளைச் செயலாளர் உட்காருவார். மாதம் முழுக்கக் கண்ணில் படாத மனிதர் அன்றைக்கு மட்டும் வெள்ளனே முதல் வண்டியில் வந்துவிடுவார். கையெழுத்துப் போட்டுச் சம்பளத்தை வாங்கித் திரும்பினால் அவருடைய கை நீட்டியபடி இருக்கும். சந்தா போக மாநாட்டு நிதி, கொடி நிதி, கட்டட நிதி என்று வேறு கேட்பார். கட்டடத்தை நாங்கள் பார்த்ததில்லை. குறையைச் சொன்னால் "மேலே சொல்லியிருக்கேன்ப்பா" என்பார். மேலே என்றால் எங்கே என்று கேட்டால் மலையைக் காட்டுவது மாதிரி ஒரு கையை வீசுவார். அதுவரை மழைக்காலத்தில் ராத்திரி பாதையைப் பார்த்து வர இரண்டு பேராக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதை ஓர் ஆளாகக் குறைத்தார்கள். மலையிலிருந்து தண்ணீர் இறங்கி வருகிற ஓடையெல்லாம் எங்கள் துண்டில்தான் கடக்கிறது. ஒற்றை ஆளாக அரிக்கேன் விளக்கோடு அந்தச் சின்னப் பாலங்களைக் கடப்பது சாதாரணக் காரியம் இல்லை. அதற்குக்கூட அவர் வாய் திறக்கவில்லை.

எங்களோடு செல்லையா இருந்தார், உனக்கு நினைவிருக்கும், உனக்குக் கரும்பு உடைத்துத் தருவாரே, அவர்தான். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தப் பக்கம் அனுப்பப்பட்டு, எங்கெங்கோ அலைந்து எங்கள் கேங்கில் தினக்கூலியாகச் சேர்ந்தவர். சந்தா கட்டுவது பற்றிப் பேச்சு வந்தால் அவர் சொல்வார்: "எங்க தோட்டத்துலயும் சந்தா புடிப்பாங்கண்ணே. ஆனா தலைவர்னு ஒருத்தரு எங்க லயத்துலயே குடியிருப்பாரு. காலையில பேரு கூப்புட பெரட்டுக் களத்துல நிக்கிறப்பவே தொரைக்கு முன்னால போயி கேட்டுப்புடுவாரு. கேக்கலைன்னா அவரு பொஞ்சாதியே அவருக்குச் சோறு போடாது. இங்க தலைவரு யாருன்னே எனக்கு வெளங்கலையே." அவர் சொல்லச் சொல்லத்தான் எங்களுக்கு ரோஷம் வந்தது. அடுத்த சம்பளத்துக்கு யாரும் ரசீது வாங்குவதில்லை என்று முடிவு செய்தோம். விஷயம் செயலாளர் காதுக்குப் போய், ஒருநாளும் பாதைப் பக்கம் வராதவர் வேர்க்க விறுவிறுக்க நாங்கள் வேலை செய்கிற இடத்துக்கே வந்து நின்றார்.

"ஏம்ப்பா, குடும்பத்துக்குள்ள கோவிச்சுக்கிடலாமா? கொடைக்கானல்ல சீசனுக்குக் கூட்டம் வச்சிருக்கோம். பெரிய தலைவரும் அதிகாரியும் ஒரே மேசையில ஒக்காந்து பேசப்போறாக. ஒங்கள்ல ஒருத்தன் வந்து ஒங்க குறையை நேர்லயே சொல்லிருங்க. அப்பவும் நடக்கலைன்னா ரசீதைக் கிழிச்சு எம்மூஞ்சியில எறிங்க" என்றார். யாரை அனுப்புவது என்று பேச்சே எழவில்லை. மேஸ்திரி என்னைக் கைகாட்டினார். "இன்ஸ்பெக்டரை வச்சுக்கிட்டே வையிறவன்ல, அவனுக்கு என்ன பயம்?" என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். முருகேசா, கேங்கில் வேலை செய்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. உரத்த குரலை அவர்கள் தைரியம் என்று நினைத்துவிட்டார்கள். கடப்பாரையும் இல்லாமல், பின்னால் ஐலசா போட ஆளும் இல்லாமல் இவன் தனியாக நின்றால் என்ன ஆவான் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குள் லேசாகத் தோன்றியது. பெருமையில் அதை அமுக்கிவிட்டேன்.

பஸ்ஸுக்கு எல்லோருமாகக் காசு போட்டுக் கொடுத்தார்கள். உன் அம்மா என் வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டு, சொம்பில் நெருப்பை அள்ளித் தேய்த்துக் கொடுத்தாள். பாலசமுத்திரத்துப் பக்கம் தெரிகிற அந்த மலையை அத்தனை வருஷம் பார்த்துக்கொண்டே வேலை செய்திருக்கிறேன், ஆனால் மேலே போனது அன்றைக்குத்தான். பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது சொல்ல வேண்டியதை மனதுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். பெருமாள்மலை தாண்டியதும் குளிர் பிடித்துக்கொண்டது. மே மாதத்தில் பல் தந்தியடிக்கும் என்று யார் கண்டார்கள்? இறங்கி, நாயுடுபுரம் போகிற வழியில் விசாரித்து, கூட்டம் நடக்கிற விடுதியைக் கண்டுபிடித்தபோது விரல் மடங்கவில்லை. வாசலில் கம்பளிக் கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கஞ்சி போட்ட சட்டையில் நடுங்கிக்கொண்டு நான் போய் நின்றேன்.

செயலாளர் என்னைக் கண்டதும் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார், அதையும் சொல்ல வேண்டும். "அடப்பாவி, வெறுஞ்சட்டையோடவா வந்த?" என்று அவருடைய பழைய ஸ்வெட்டரை எடுத்து மாட்டிவிட்டார். அடுக்களை வழியாகக் கூட்டிப்போய்ச் சூடாகக் காபி கொடுத்தார். அங்கே பரிமாறுகிற ஆளுக்குக் காய்ச்சல் என்று சமையல்காரர் புலம்பிக்கொண்டிருந்தார். செயலாளர் என் பக்கம் திரும்பி, "நீ ஒண்ணு செய்யி. அந்தத் தட்டை எடுத்துக்கிட்டு உள்ள வந்துரு. சும்மா நொழைஞ்சா நல்லாருக்காது. காபியைக் குடுத்துட்டு அப்படியே ஓரமா நில்லு, நேரம் பார்த்து நான் கூப்பிடுறேன்" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது அது எனக்கு அவமானமாகத் தெரியவில்லை. நல்ல யோசனை என்று பட்டது. அதைவிடவும் வெட்கமான விஷயம் ஒன்று இருக்கிறது. தட்டைக் கையில் வாங்கியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. கைக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. இனி எப்படி நிற்பது, எங்கே பார்ப்பது என்ற கவலை இல்லை.

உள்ளே நீளமான மேஜை, ஜன்னலுக்கு வெளியே பனி. நான் ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டே போனேன். அதிகாரி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, "சக்கர பத்தல" என்றார். சர்க்கரைக் கிண்ணத்தை எடுக்க அடுக்களைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது எங்கள் பேச்சுத்தான் நடந்துகொண்டிருந்தது. "ராத்திரி பேட்ரோல் விஷயத்துல ஸ்டாஃப் சைடுல பெரிய கம்ப்ளெய்ன்ட் ஒண்ணும் இல்லியே?" என்று அதிகாரி கேட்டார். பெரிய தலைவர், "அப்படி ஒண்ணும் இல்ல சார். நாங்க பேசிச் சமாளிச்சுக்கிடுறோம்" என்றார். நான் அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன். செயலாளர் என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன். அவர் கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டால் என்ன? என் வாயை யாரும் கட்டிப்போடவில்லை. அந்த அறையில் எல்லோருக்கும் கேட்கிற குரல் என்னிடம் இருந்தது. "இருக்குங்க ஐயா" என்று ஒரு வார்த்தை போதும். நான் அதிகாரியின் பக்கத்தில் போய்க் குனிந்து, "எத்தனை ஸ்பூனுங்க ஐயா?" என்று கேட்டேன். "ரெண்டு" என்றார். போட்டேன். கலக்கியும் கொடுத்தேன். கொடைக்கானலில் நான் பேசியது அவ்வளவுதான்.

கீழே இறங்கி வருகிற பஸ்ஸில் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், நம்பு. கேங் குவார்ட்டர்ஸ் வாசலில் அத்தனை பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள். நீயும் உன் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய், எட்டாவது படிக்கிற பையன் அப்படி நிற்கிறானே என்றுகூட நினைத்தேன். "என்னண்ணே, சொன்னீங்களா?" என்று செல்லையா கேட்டார். நான் வாயைத் திறந்தேன். பாட்டெடுக்கிற வாய் அல்லவா, எதிரே ஆட்கள் வரிசையாக நின்றதும் தானாக வந்துவிட்டது. "சொன்னேன்யா. ஒரு ராத்திரி எங்ககூட விளக்கைப் புடிச்சுக்கிட்டு நடந்து பாருங்க ஐயா, அப்புறமா ஒரு ஆளு போதும்னு எழுதுங்கன்னேன். அந்த மனுசன் பேனாவைக் கீழ வச்சுட்டாரு" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். மேஸ்திரி என்னைக் கட்டிப்பிடித்தார். நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு முன்னும் பின்னும் நீ என்னை அப்படிப் பார்த்ததில்லை. அதற்கு ஆசைப்பட்டுத்தான் அந்தப் பொய்யை இத்தனை வருஷம் வளர்த்தேன்.

அடுத்த சம்பளத்தில் எங்கள் கேங் முழுக்க வரிசையில் நின்று ரசீது வாங்கியது. மாநாட்டு நிதியும் கொடுத்தார்கள். "நம்மாளு பேசிட்டான், இனி நடக்கும்" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார்கள். செயலாளர் என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். அவர் என்னை ஏமாற்றியதாக நான் எங்கேயும் எழுதப்போவதில்லை. அன்றைக்கு என் ஆட்களிடமிருந்து அவருக்குச் சந்தா வாங்கிக் கொடுத்தது நான்தான். நான் வெறுங்கையோடு வந்து உண்மையைச் சொல்லியிருந்தால் அவர்கள் ரசீதை மறுத்திருப்பார்கள், யாராவது பதறியிருப்பார்கள், ஏதாவது நடந்திருக்கலாம். நடக்காமலும் போயிருக்கலாம். ஆனால் அவர்களுக்கு என்று இருந்த ஒரே பிடியை நான் பிடுங்கி அவர்களுடைய எதிராளி கையில் கொடுத்துவிட்டேன்.

ஐப்பசியில் அடைமழை. ஒற்றை ஆளாகத்தான் ரோந்து போனார்கள். செல்லையா தன் முறை வந்த ராத்திரியில் ஓடைப் பாலத்தில் கால் வழுக்கிக் கீழே விழுந்தார். தொடை எலும்பு முறிந்து, விடியற்காலம் பாதையைப் பார்க்க வந்த கீமேன் கண்டுபிடிக்கிற வரைக்கும் மழையில் கிடந்தார். கூட ஓர் ஆள் இருந்திருந்தால் தூக்கி வந்திருப்பான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது ஒரு கால் குட்டையாகிவிட்டது. தினக்கூலி ஆள் என்பதால் வேலை அதோடு சரி. செயலாளரிடம் கேட்டதற்கு, நிரந்தரமாகாத ஆளுக்கு நாம் என்ன செய்ய முடியும் என்றார். செல்லையாவிடம் வாங்கிய சந்தா மட்டும் நிரந்தரமான ஆளுடையதா என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. செல்லையா குடும்பத்தோடு மலை மேல் கூக்காலுக்குப் போனார். அவருடைய மச்சான் வழியில் அங்கே தோட்ட வேலை கிடைத்தது. வண்டி ஏறும்போது என் கையைப் பிடித்து, "வாரேண்ணே" என்றார்.

சில வருஷம் கழித்துப் பேரப்பிள்ளைக்குக் காது குத்து என்று சொல்லியனுப்பினார். போகாமல் இருக்க எத்தனையோ சாக்கு யோசித்தேன், உன் அம்மா விரட்டி அனுப்பினாள். கூக்காலுக்குப் போன பஸ் அன்றைக்குத் திரும்பவில்லை, தங்க வேண்டியதாயிற்று. ஏரிக்கரைப் பக்கம் உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று அவர், "எனக்கு அப்பவே தெரியும்ண்ணே" என்றார். எனக்குப் புரியவில்லை. "எம்மச்சான் அப்ப நாயுடுபுரத்துல இருந்தான். அந்த விடுதிக்குக் கேரட்டு மூட்டை எறக்கப் போயி அடுக்களையிலதான் நின்னிருக்கான். பழனி கேங்குலேர்ந்து வந்தவரு வாயே தொறக்காம சக்கரைக் கிண்ணத்தோட ஓடுனதெல்லாம் சொன்னான்." எனக்கு அந்த ஏரிக்குள் இறங்கிவிடலாம் போல இருந்தது. "அப்புறம் ஏன்யா எல்லார் முன்னாலயும் என்னைப் புடிச்சுக் கேக்கல?" என்றேன். "என்னாத்தக் கேக்குறது? நம்மள்ல ஒருத்தன் கேட்டுப்புட்டான்னு அன்னைக்கு எல்லாப் பயலும் ஆளுக்கு ஒரு சாண் ஒசந்துல்ல நின்னான். அதைப் போயி நான் எப்புடிண்ணே புடுங்குறது?" என்றார். பிறகு, "நீங்க திரும்பப் போயி நெசமாவே கேட்டுருவீங்கன்னு நெனைச்சேன். மழை புடிக்கிற வரைக்கும் அப்படித்தான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அன்றைக்கே பழனிக்கு வந்து எல்லோரிடமும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குள் நீ ரயில்வேயில் சேர்ந்திருந்தாய். யூனியன் நடத்துகிற கேட் மீட்டிங்கில் அந்த வரியைச் சொல்லிப் பேர் வாங்க ஆரம்பித்திருந்தாய்.

இத்தனையும் வைத்துக்கொண்டு நான் பேசாமலே கண்ணை மூடியிருப்பேன், முருகேசா. நோட்டீஸைக்கூட விழுங்கியிருப்பேன். போன மாதம் உன் வீட்டுக்கு வந்தேனே, அதை மட்டும் விழுங்க முடியவில்லை. அன்றைக்கு உன் வீட்டில் கமிட்டிக் கூட்டம். தெருவில் அடிபம்பில் கூட்டம் தள்ளுகிற தண்ணீர்ப் பஞ்சம். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் குடம் குடமாக அடித்து மாடிக்குச் சுமந்துகொண்டிருந்தார். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். அந்த நடையையும் வெயிலில் கருகிய பிடரியையும் பார்த்ததுமே கேங்மேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீ அவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் "தம்பி, இன்னும் ரெண்டு கொடம்" என்றாய். மருமகளைக் குறை சொல்லாதே, அவள் வேண்டாம் என்று சொன்னதையும் நான் கேட்டேன். பிறகு நீ எல்லோரிடமும் என்னை அறிமுகப்படுத்தி, அந்த வரியை மேடையில் பேசுகிற மாதிரி சொன்னாய். கை தட்டினார்கள். மாடிப்படியில் நின்ற அந்த ஆளும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஈரக் கையைத் தட்டினார்.

சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் அவர் தனியாக நின்றபோது பக்கத்தில் போய், "எந்தூருங்க தம்பி? என்ன சோலியா வந்தீக?" என்று கேட்டேன். ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கேங்காம். பாதி ஆட்களை இன்ஸ்பெக்டர் பங்களா வேலைக்கு இழுத்துக்கொள்கிறார்களாம், மிச்சம் இருக்கிறவர்கள் இடுப்பொடிய வேலை செய்கிறார்களாம். யூனியன் கேட்காவிட்டால் சந்தா கட்டமாட்டோம் என்று கேங் முழுக்கச் சேர்ந்து, நீங்கள் போய்ச் செயலாளரிடம் நேரில் சொல்லிவிட்டு வாருங்கள் என்று இவரை அனுப்பியிருக்கிறார்கள். "சொல்லிட்டீகளா?" என்றேன். "சொல்லிட்டேங்க ஐயா. சார் குறிச்சுக்கிட்டாரு, பாக்கிறேன்னுட்டாரு" என்றார். காலையிலிருந்து நான் உங்கள் இருவரையும் பார்த்தபடி அங்கேயே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, நீயும் என்ன விஷயம் என்று கேட்கவில்லை. அவர் என்னிடம் பொய் சொல்லும்போது கண்ணை எங்கே வைத்துக்கொண்டார், குரலை எப்படி உயர்த்தினார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அன்று சாயங்காலம் அவருடைய ஆட்கள் அவரைச் சுற்றி நின்று கேட்டிருப்பார்கள். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அப்போதும் நான் என்ன செய்தேன்? உள்ளே வந்து உன்னைக் கூப்பிட்டு, "ஏலே, அந்த ஆள் எதுக்கு வந்திருக்காரு தெரியுமா?" என்று கேட்டேனா? இல்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு சாயங்கால வண்டிக்குக் கிளம்பிவிட்டேன். மகன் வீட்டில் எதற்கு வம்பு என்று நினைத்தேன். பெரிய அதிகாரி முன்னால் பயந்தேன் என்றாலாவது ஒரு காரணம் இருக்கிறது. பெற்ற பிள்ளையிடமும் பேச வாய் வராதவனை என்ன சொல்வது?

இதுவரை எழுதியதை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஒங்களைப் பத்தி எழுதுங்க, வேண்டாங்கல. பிள்ளையப் பத்தி எழுதினதை அடிச்சிருங்க. நாலு பேரு படிக்கிற எடம்" என்றாள். அவள் சொன்னதற்காக ஒருநாள் முழுக்க இதை மடித்து வைத்திருந்தேன். அடிக்க மனம் வரவில்லை. நீ கெட்டவன் இல்லை. அந்தச் செயலாளரும் கெட்டவர் இல்லை, எனக்கு ஸ்வெட்டர் கொடுத்தவர். நல்ல மனிதர்களாக இருந்துகொண்டே இப்படிச் செய்ய முடிகிறது என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னைவிட உரத்துப் பேச உன் கிளையில் ஆள் கிடையாது, அது எனக்குத் தெரியும். உரத்த குரல் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று உனக்குச் சொல்லித் தர வேண்டியவன் நான். நான் உனக்கு ஒரு பொய் வாக்கியத்தைத்தான் கொடுத்து வளர்த்தேன். உன் வீட்டு மாடிப்படியில் ஓர் ஆள் ஊமையாக நின்றதற்கு நானும் பொறுப்பு.

விழாவை நிறுத்த வேண்டாம். ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று, உன் அம்மாவும் புதுச் சேலை எடுத்துவிட்டாள். நான் வருகிறேன். ஆனால் மாலையோடு யாரும் என் பக்கம் வரக் கூடாது, அந்த வரியை யாரும் வாசிக்கக் கூடாது. எனக்குப் பேச நேரம் கொடுத்தால் சர்க்கரைக் கிண்ணத்தோடு நின்ற கதையை நானே சொல்கிறேன். செல்லையாவுக்கு நானே நேரில் போய்ச் சொல்லியிருக்கிறேன், முடிந்தால் வருவதாகச் சொன்னார். உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். விழாவுக்கு முன்னால் நீ ஒட்டன்சத்திரம் பக்கம் போக வேண்டும். ஜீப்பில் போகாதே, பாசஞ்சரில் போ. அந்தக் கேங் வேலை செய்கிற இடத்துக்கு நடந்து போய், அன்றைக்கு உன் வீட்டில் தண்ணீர் சுமந்தவரைத் தேடி, நீங்கள் என்னிடம் சொல்ல வந்தது என்ன என்று அவருடைய ஆட்களின் எதிரிலேயே கேள். அவர் "அன்னைக்கே சொல்லிட்டேனே சார்" என்று சொல்வார். நீ அப்போது ஆமாம் என்று தலையாட்டிவிடாதே. அவர் மானத்தையும் வாங்கிவிடாதே. "நான்தான் சரியாக் கேக்கலங்க, இன்னொரு தடவ சொல்லுங்க" என்று சொல். அதைச் சொல்ல உனக்கு வாய் வரவேண்டும் என்று மட்டும்தான் இப்போது பழனி ஆண்டவனிடம் வேண்டிக்கொள்கிறேன்.

அன்றைக்கு உன் வீட்டிலிருந்து கிளம்பும்போது அவர் பெயர் என்ன என்று உன்னிடம் கேட்டேன். "புதுசா வந்த ஆளுப்பா" என்றாய். அவர் கேங்குக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறதாம். பெயரையும் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதை இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன். நீயே போய்க் கேள்.

இவ்வளவு நாள் வாய் திறக்காத
உன் அப்பா